"கவுன்சில்ல உட்கார்ந்து என்ன கிழிச்சாங்க?" – குமாரலிங்கபுரத்துல இருந்து ஒரு பதில்



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில ஸ்க்ரோல் பண்ணிப் போயிடாதீங்க. முழுசா படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க.

போன வாரம் நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு அண்ணாச்சி ஒரு ஃபார்வர்டு போட்டாரு. வழக்கமா வர்ற சரக்குதான். "சட்டசபையில பேசியா தீண்டாமை போச்சு? படிப்பு வந்துச்சு, பஸ் வந்துச்சு, காலம் மாறுச்சு. எல்லாம் தானா மாறிடுச்சு. எம்எல்ஏ-ன்னா ரோடு போடணும், தண்ணி விடணும். தீர்மானம், அரசாணை எல்லாம் வெறும் காகிதம்."

கீழே பதினெட்டு லைக். எண்ணிப் பார்த்தேன். அதுல நாலு பேர் நம்ம ஆளுங்க. நம்ம கொடி பிடிச்சவங்க, நம்ம போஸ்டர் ஒட்டினவங்க. அண்ணாச்சிக்குப் பதில் சொல்றது ரெண்டாவது வேலை. அந்த நாலு பேருக்குத்தான் முதல்ல சொல்லணும். அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

"தானா மாறிடுச்சு" – எது தானா மாறுச்சு?

நம்ம பக்கத்து நிலம் எப்படின்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மழை பேஞ்சா கண்மாய், பேயலைன்னா சீமைக்கருவேலம். இந்தக் காட்டுல தண்ணின்னா உயிரு. குடிக்கிறதுக்குன்னு தனியா ஊருணி வெட்டி, மாடு இறங்காம காவல் போட்டுப் பாதுகாத்த பூமி இது. அப்படிப் பாதுகாத்த ஊருணியில மாட்டை மட்டுமா தடுத்தாங்க? மனுசனையும் தடுத்தாங்க.

எங்க அப்பத்தா சின்னப் பிள்ளையா இருந்தப்ப, அவங்க பொறந்த ஊர்ல ஊருணிக் கரையில கால் வைக்கக் கூடாது. குடத்தைக் கரைக்குக் கீழ வெச்சுட்டுத் தள்ளிப் போய் நிக்கணும். தண்ணி எடுக்க வர்றவங்கள்ல யாராச்சும் மனசு வெச்சு மொண்டு ஊத்துனாத்தான் தண்ணி. மனசு இல்லைன்னா வெறும் குடம். வெயில் ஏற ஏற நின்னுகிட்டே இருப்பாங்களாம். "தாகத்தைக்கூடப் பொறுத்துக்கலாம்டா. 'ஊத்துங்க தாயீ'ன்னு நம்ம வயசுப் பிள்ளைகிட்டயே கெஞ்சுறதுதான் பொறுக்க முடியாது"ம்பாங்க.

இது நடந்தது 1950-கள்ல. அந்த வருசத்தை மனசுல வெச்சுக்கங்க. திரும்ப வருவோம்.

ஒரு மனுசர், ஒரு தீர்மானம்

1924, ஆகஸ்ட் 22. சென்னை சட்டமன்றக் கவுன்சில்.

இங்க ஒரு விளக்கம். 1986-ல கலைச்ச மேலவைய நினைச்சுக் குழப்பிக்காதீங்க. 1937-க்கு முன்னாடி சென்னை மாகாணத்துக்கு இருந்தது ஒரே சபை. அதுக்குப் பேருதான் கவுன்சில். அதோட உறுப்பினர்தான் எம்எல்சி. இன்னைக்கு எம்எல்ஏ பேசுற இடத்துல அன்னைக்கு அவங்கதான் பேசுனாங்க.

அந்தச் சபையில, அறுபது வயசு தாண்டின ஒரு உறுப்பினர் எழுந்திரிச்சாரு. இரட்டைமலை சீனிவாசன். அவர் கொண்டுவந்த தீர்மானத்தோட சாரம் ரெண்டே விஷயம்தான்.

ஒண்ணு: எந்த ஊர்லயும், எந்தப் பொதுச் சாலையிலயும், தெருவுலயும், பாதையிலயும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கலாம். தடை இல்லை.

ரெண்டு: பொது அலுவலகம், பொதுக் கிணறு, குளம், பொதுமக்கள் கூடுற இடம் – இங்கெல்லாம் சாதி இந்துக்களுக்கு என்ன உரிமையோ, அதே அளவு உரிமை எல்லாருக்கும் உண்டு.

தீர்மானம் நிறைவேறுச்சு. அடுத்த மாசமே, 1924 செப்டம்பர் 25-ல அரசாணை எண் 2660 வந்துச்சு.

அதே 1924-ல வைக்கத்துல கோயிலைச் சுத்தி இருக்கற தெருவுல நடக்க விடுங்கன்னு சத்தியாகிரகம் நடந்துகிட்டு இருந்துச்சு. பெரியார் அங்க ஜெயில்ல இருந்தாரு. அங்க தெருவுல இறங்கிக் கேட்ட அதே உரிமைய, இங்க சபைக்குள்ள நின்னு கேட்டாரு ஒருத்தர். தெரு வேற, சபை வேறன்னு நினைக்காதீங்க. ரெண்டும் ஒரே சண்டையோட ரெண்டு முனை.

யார் இந்தச் சீனிவாசன்?

நாலாம் வகுப்புப் பாடப் புத்தகத்துல காந்தியைப் படிச்சோம், நேருவைப் படிச்சோம். இவரைப் படிச்சதா எனக்கு ஞாபகம் இல்ல. பி.இ. முடிச்சு, வேலை தேடுற நேரத்துல சும்மா தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சது. வெட்கமா இருந்துச்சு.

மதுராந்தகம் பக்கம் கோழியாளம் கிராமம். 1860-ஐ ஒட்டிப் பொறந்தவர். கோயம்புத்தூர்ல படிச்சாரு. அங்க சுமார் நானூறு மாணவர்கள்ல பத்துப் பேரைத் தவிர எல்லாரும் பிராமணப் பிள்ளைங்கன்னு அவரே தன் வாழ்க்கைக் குறிப்புல எழுதியிருக்காரு. தன் சாதி தெரிஞ்சிடுமோன்னு பயந்து யார்கூடயும் விளையாடப் போக மாட்டாராம். வெளியவே உட்கார்ந்து படிச்சுட்டு, மணி அடிச்சதும்தான் வகுப்புக்குள்ள போவாராம்.

படிக்கப் போன இடத்துல ஒளிஞ்சு வாழ்ந்த அந்தப் பையன் வளர்ந்து என்ன செஞ்சாரு தெரியுமா? 1893-ல சென்னையில ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாரு. அதுக்கு வெச்ச பேரு 'பறையன்'. எந்தப் பேரைச் சொல்லிடுவாங்களோன்னு பயந்தாரோ, அதே பேரைக் கொட்டை எழுத்துல அச்சடிச்சுக் கையில குடுத்தாரு. இதுக்கு மேல ஒரு பதிலடி இருக்கா?

அயோத்திதாசப் பண்டிதருக்கு இவர் மைத்துனர். பிறகு கடல் கடந்து தென்னாப்பிரிக்கா போய், நேட்டால்ல நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரா வேலை பார்த்தாரு. 1920-ஐ ஒட்டித் திரும்பி வந்தாரு. 1923-ல கவுன்சில் உறுப்பினர். 1930-ல லண்டன் வட்டமேசை மாநாட்டுல அம்பேத்கரும் இவரும்தான் ஒடுக்கப்பட்ட மக்களோட பிரதிநிதிகள். மொத்த இந்தியாவுக்கும் ரெண்டே பேரு. அதுல ஒருத்தர் நம்ம தமிழ்நாட்டுக் கிராமத்துக்காரர். இதை எத்தனை பேருக்கு ஷேர் பண்ணியிருப்போம்?

எதிர்ப்பக்கம் சொல்றதுக்கும் வருவோம்

ஒண்ணு: "அவர் ஓட்டு வாங்கி ஜெயிக்கல, நியமனம்தானே?"

ஆமா, நியமனம்தான். ஏன்னு கேளுங்க. அந்தக் காலத்துல எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. சொத்து இருக்கணும், வரி கட்டியிருக்கணும். ஊருணிக் கரையில கால் வைக்க விடாதவங்ககிட்ட ஓட்டுச் சீட்டு எப்படி இருக்கும்? நிலத்தையும் கொடுக்காம, ஓட்டையும் கொடுக்காம, "ஏன் ஜெயிச்சு வரல"ன்னு கேட்கறது, காலைக் கட்டிப் போட்டுட்டு ஓட்டப்பந்தயம் வெக்கிற கதை.

ரெண்டு: "அவர் வெள்ளைக்காரன் ஆளு. ராவ் பகதூர் பட்டம் வாங்கினவரு. காங்கிரஸ் கோரிக்கையை எதிர்த்தவரு."

எதிர்த்தாரு. ஐசிஎஸ் தேர்வை இங்கிலாந்துல மாதிரி இந்தியாவுலயும் நடத்தணும்னு காங்கிரஸ் கேட்டப்ப, 1893-ல மூவாயிரத்துக்கும் மேல கையெழுத்து வாங்கி, நூறு அடிக்கும் மேல நீளமான ஒரு மனுவை எதிர்த்து அனுப்பினாங்க. ஏன்? அந்தத் தேர்வுல யார் ஜெயிப்பாங்கன்னு அவருக்குத் தெரியும். நானூறு பேர்ல பத்துப் பேர் கணக்கை நேர்ல பார்த்தவர் அவர். நாளைக்கு அதே ஆளுங்க கலெக்டரா வந்து உட்கார்ந்தா நம்ம மனுவ யார் வாங்குவாங்கன்னு கேட்டாரு. அந்தக் கேள்விய நீங்க தப்புன்னு சொல்லலாம். துரோகம்னு சொல்ல முடியாது. தேசம் விடுதலை அடையணும்னு எல்லாரும் கேட்டாங்க. தேசத்துக்குள்ள யாருக்கு விடுதலைன்னு இவர் கேட்டாரு.

மூணு: இதுதான் உண்மையிலேயே பலமான கேள்வி. "தீர்மானம் போட்டாங்க சரி. எவன் மதிச்சான்? காகிதம்தானே?"

காகிதம்தான். அதனால என்ன?

ஒளிக்க வேண்டியதில்ல. 1924 தீர்மானம் போட்ட மறுநாளே யாரும் ஊருணியத் தொறந்து விடல. அரசாணை ஊர் ஊரா போகல. போன இடத்துலயும் கர்ணம், முன்சீப்பு பெட்டிக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சு.

ஆனா காகிதம் என்ன செய்யும்னு பாருங்க.

பம்பாய் கவுன்சில்ல 1923-ல எஸ்.கே.போலேன்னு ஒரு உறுப்பினர் இதே மாதிரி ஒரு தீர்மானம் கொண்டுவந்தாரு. பொது நீர்நிலை எல்லாருக்கும் பொதுன்னு. மகாட் நகராட்சியும் அதை ஏத்துக்கிட்டு ஒரு தீர்மானம் போட்டுச்சு. யாரும் மதிக்கல. 1927 மார்ச் 20-ல அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களைக் கூட்டிட்டுப் போய், மகாட் சவுதார் குளத்துல இறங்கித் தண்ணி குடிச்சாரு. அடி விழுந்துச்சு. கேஸ் போட்டாங்க. பத்து வருசம் நடந்து 1937-ல பம்பாய் உயர் நீதிமன்றத்துல தீர்ப்பு மக்கள் பக்கம் வந்துச்சு.

யோசிங்க. அந்தத் தீர்மானம் இல்லைன்னா குளத்துல இறங்கினது "அத்துமீறல்". தீர்மானம் இருந்ததால இறங்கினது "உரிமை", தடுத்ததுதான் அத்துமீறல். காகிதம் தண்ணி மொண்டு தராதுதான். ஆனா தண்ணி மொள்ளப் போறவன் நிக்கிறதுக்குத் தரை கொடுக்கும்.

நம்ம மாகாணத்துலயும் அப்படித்தான் படிப்படியா போச்சு. 1922-லயே எம்.சி.ராஜா கொண்டுவந்த தீர்மானத்தால 'ஆதிதிராவிடர்'ங்கற பேரு அரசாணை ஆச்சு. 1924-ல சீனிவாசன் தீர்மானம். 1938-ல அதே எம்.சி.ராஜா முயற்சியில சென்னை மாகாணச் சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டம். தீர்மானமா இருந்தது சட்டமா ஆச்சு.

1950-ல அரசியலமைப்புச் சட்டம். பிரிவு 15-ஐ எடுத்துப் படிங்க, ரெண்டாவது உட்பிரிவு. கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடுற இடம் – சாதியச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாதுன்னு பட்டியல் போட்டிருக்கும். இப்ப 1924 தீர்மானத்தோட பட்டியலப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. சாலை, கிணறு, குளம், பொது இடம். நாடு 1950-ல எழுதினத, மணி அடிக்கற வரைக்கும் வெளிய உட்கார்ந்திருந்த அந்தப் பையன் இருபத்தஞ்சு வருசம் முன்னாடியே சென்னையில சபைக் குறிப்புல ஏத்திட்டாரு.

இதுக்குப் பேருதான் சட்டமன்ற வேலை. காதுகுத்துக்கு வர்றது இல்ல.

நம்ம ஜில்லாவுல என்ன நடந்துச்சு?

"அது சென்னைப் பேச்சு, நம்ம ஊருக்கு என்ன?"ன்னு கேட்பீங்க. சொல்றேன்.

விருதுநகர் மாவட்டம் வந்தது 1985-ல. அதுக்கு முன்னாடி நம்ம எல்லாம் ராமநாதபுரம் ஜில்லா. அந்த ஜில்லா போர்டுக்குத் தலைவரா இருந்தவரு பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன். நீதிக்கட்சிக்காரர், கவுன்சில்ல எம்எல்சி-யாவும் இருந்தவரு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவரு. அப்ப தனியார் பஸ்ல ஆதிதிராவிடர்கள ஏத்த மாட்டாங்க. டிக்கெட் வாங்கக் காசு வெச்சிருந்தாலும் ஏத்த மாட்டாங்க. இவர் என்ன செஞ்சாரு? ஏத்த மறுக்கற பஸ்ஸுக்கு லைசென்ஸ் ரத்துன்னு உத்தரவு போட்டாரு. அவ்வளவுதான். "மனசு மாறட்டும்"னு காத்திருக்கல. லைசென்ஸ் போகும்னு தெரிஞ்சதும் கதவு தொறந்துச்சு.

அண்ணாச்சி ஃபார்வர்டுல "பஸ் வந்துச்சு, தானா மாறிடுச்சு"ன்னு இருந்துச்சுல்ல? பஸ் வந்துச்சு. ஆனா ஏத்தல. ஏத்த வெச்சது ஒரு உத்தரவு.

அப்பத்தாவோட ஊருணிக்குத் திரும்ப வருவோம்

அப்பத்தா குடத்தோட நின்னது 1950-கள்ல. கணக்குப் போடுங்க. சீனிவாசன் தீர்மானம் வந்து முப்பது வருசம் ஆச்சு. 1938 சட்டம் இருக்கு. அரசியலமைப்புச் சட்டம் இருக்கு. 1955-ல தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும் வந்தாச்சு. எல்லாம் இருந்தும் என் அப்பத்தா "ஊத்துங்க தாயீ"ன்னு நின்னாங்க. ஏன்?

அவங்ககிட்ட யாரும் சொல்லல. அவ்வளவுதான். அந்தக் கரையில கால் வைக்க அவங்களுக்கு உரிமை இருக்குன்னு அந்த ஊர்ல தெரிஞ்சவங்க வாயத் தொறக்கல. தெரியாதவங்க கேட்கல.

பிறகு ஒரு வாத்தியார் மனு எழுதிக் கொடுத்தாராம். மனுவுல அந்தச் சட்டத்தோட பேரும் வருசமும் இருந்துச்சாம். தாசில்தார் ஜீப்புல வந்து கரையில நின்னாராம். அன்னைக்குத்தான் அப்பத்தா முதல் தடவையா படியில இறங்கித் தன் கையால தண்ணி மொண்டாங்க. "தண்ணி அதே தண்ணிதான்டா. ஆனா அன்னைக்குக் குடம் கனக்கல"ன்னு சொல்வாங்க.

தானா மாறலை அண்ணாச்சி. எழுதினவங்க இருந்தாங்க. எழுதினத எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வந்தப்ப மாறுச்சு. காகிதம் மேல தப்பு இல்ல, அத மறைச்சு வெச்சவங்க மேலதான் தப்பு.

இன்னைக்கு?

முடிஞ்ச கதைன்னு நினைச்சா, 2022 டிசம்பரை நினைச்சுப் பாருங்க. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல்ல, பட்டியல் சமூக மக்கள் குடிக்கற மேல்நிலைத் தொட்டியில மலத்தைக் கலந்தாங்க. சீனிவாசன் கிணத்துக்காகப் பேசி கிட்டத்தட்ட நூறு வருசம் கழிச்சு. சண்டை கிணத்துல இருந்து டேங்குக்கு மாறியிருக்கு, அவ்வளவுதான்.

நம்ம ஊர்ப் பேரு 2023-ல ஜவுளிப் பூங்கா அறிவிப்போட நியூஸ்ல அடிபட்டுச்சு. நல்லது. வேலை வரட்டும், சந்தோசம். ஆனா நூல் மில்லு வந்தா சாதி தானா போயிடும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. அதே கதைதான் பஸ்ஸுக்கும் சொன்னாங்க.

நம்ம கட்சிக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். ஐடி விங்ல இருக்கறதால நம்ம தலைவர்கள் கல்யாணத்துக்குப் போன ஃபோட்டோ தினமும் பத்து அப்லோடு பண்றேன். அவங்க சபையில கேட்ட கேள்வி, கொண்டுவந்த திருத்தம், பதிஞ்ச எதிர்ப்பு – இத மாசத்துக்கு ஒண்ணு போட்டாலே அதிகம். இது நம்ம தப்பு. 1924-ல ஒருத்தர் பேசினது 2660-ங்கற நம்பரோட இன்னைக்கும் நிக்குது. நேத்து போட்ட மொய் கவர் ஃபோட்டோ நாளைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அதனால, மூணு வேலை:

1) சபையில தீர்மானம் போடுற அதிகாரம் எம்எல்ஏ-வுக்கு மட்டும்தான்னு நினைக்காதீங்க. உங்களுக்கும் ஒரு சபை இருக்கு. கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 – வருசத்துக்கு ஆறு தடவை. பிரியாணி இல்லைன்னாலும் போங்க.

2) போய் சும்மா உட்காராதீங்க. நம்ம ஊர் ஊருணி, குழாய், டீக்கடை டம்ளர், சுடுகாட்டுப் பாதை – இதுல எது எல்லாருக்கும் பொதுவா இல்லையோ, அதைச் சொல்லி ஒரு தீர்மானம் கேளுங்க. வாய்ல சொன்னா போதாது. தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லுங்க. எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

3) உங்க எம்எல்ஏ யாரா இருந்தாலும், நம்ம கட்சியாவே இருந்தாலும், அடுத்த தடவ பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வி: "சபையில எங்களுக்காக என்ன பேசினீங்க? எந்தத் தேதியில?" தேதி சொல்ல முடிஞ்சா கை தட்டுங்க. முடியலைன்னா காத்திருங்க, பதில் வரட்டும்.

அந்த நாலு தோழர்களுக்குக் கடைசியா ஒண்ணு. நீங்க போட்ட லைக்கை எடுக்கச் சொல்லல. அந்த ஃபார்வர்டுக்குக் கீழயே இந்தப் பதிவைப் போடுங்க. அண்ணாச்சியும் நம்ம ஊர்க்காரர்தான், படிப்பாரு. வந்து வாதாடட்டும், வரவேற்கிறேன். ஆனா "தானா மாறிடுச்சு"ன்னு மட்டும் என் அப்பத்தா முன்னாடி வந்து சொல்லச் சொல்லுங்க.

இன்னைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் அவங்க முதல்ல நீட்டுறது ஒரு சொம்பு தண்ணிதான். யார் என்னன்னு கேட்க மாட்டாங்க.

– ஐடி விங் தன்னார்வலர், குமாரலிங்கபுரம்

#இரட்டைமலைசீனிவாசன் #தானாமாறல #கிராமசபைக்குவாங்க